பாறைப் பெண்ணுக்கு நீல அங்கி

சேசு மரி சூசை துணை

புனித மார்த்தீன் திருநாள் கழிந்த திங்கள், 1764

வெனிஸ் பட்டணத்தில் செம்புத் தகட்டில் படம் கீறும் என் பேரன் தித்தாவுக்கு, மலையிலிருந்து பாட்டி மெனேகா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கை பாஸ்குவாவும் இரண்டு ஆடுகளும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் உன் எஜமானரும் சுகமாக இருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. மங்கள வார்த்தை இவ்வளவு போதும். உன்மேல் எனக்குக் கோபம். அதைக் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன், முடியவில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, முதலில் வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

கஷ்கொட்டை பொறுக்கி முடிந்த மறுநாளே உன் அப்பன் படப்பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு போலந்துப் பக்கம் விற்கக் கிளம்பிவிட்டான். "முழங்கால் நோவுதும்மா, இதுதான் கடைசி நடை" என்றான். வருஷா வருஷம் இந்தப் பாட்டைத்தான் பாடுகிறான். இனி கோடைக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கலாம். அதுவரை விறகு பிளக்க, பனி ஒதுக்க, கூரை ஒழுகினால் ஏறிப் பார்க்க நான்தான். ஏணியில் ஏறினால் இறங்கத் தோன்றவில்லை, அவ்வளவு அலுப்பு. சோளக் களி கிண்டுகிற கட்டையைக்கூட இப்போது பாஸ்குவாதான் பிடிக்கிறாள். கண்ணும் முன்போல இல்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படங்களுக்கு அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றவள் நான். எனக்கு யார் பள்ளிக்கூடம் வைத்தார்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோவேறு கழுதைக்கார பியாசியோ போன வாரம் வண்ணம் தீட்ட வேண்டிய தாள் கட்டைக் கொண்டுவந்து போட்டான். வழக்கம்போல புனிதர்கள், அர்ச்சிஷ்டவர்கள் படம்தான் வந்திருக்கும் என்று பிசின் நீரைக் கலக்கி வைத்துவிட்டுக் கட்டை அவிழ்த்தேன். மேலாக நாலு அந்தோனியார். கீழே முழுக்க ஒரே படம். கடல், கடலில் ஒரு பாறை, பாறையில் சங்கிலியால் கட்டிய ஒரு பெண். உடம்பில் ஒரு நூல் கிடையாது. தண்ணீரிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு ஒரு மிருகம். ஆகாயத்தில் இறக்கை முளைத்த குதிரைமேல் ஒருவன். கரையில் கிரீடம் வைத்த ஒரு கிழவனும் கிழவியும், அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கிற கூட்டம். பெரிய வீட்டுக்காரர்கள் சுவரில் மாட்டிக்கொள்ளும் பழங்காலத்துப் பொய்த் தேவர்கள் கதை. எனக்குத் தெரியாததில்லை. அம்மணமும் எனக்குப் புதிதில்லை, எத்தனை ஆதாம் ஏவாளுக்கு நான் இலை பச்சை அடித்திருக்கிறேன்!

ஆனால் தித்தா, அந்தப் பெண்ணின் முகம் உன் தங்கையின் முகம்.

பக்கத்திலேயே உட்கார்ந்து சிவப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் தாளைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அதே நெற்றி. அதே மேலுதடு. கண்ணுக்குக் கீழே இருக்கிற மச்சம்கூட இருக்கிறது, பக்கம்தான் மாறியிருக்கிறது. தகட்டில் இடப்பக்கம் கீறினால் தாளில் வலப்பக்கம் விழும் என்பதை இத்தனை வருஷ வேலையில் நீ மறந்துபோனாயா, அல்லது கை பதறிற்றா? மறைக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். "அண்ணன் என்னை மறக்கலே பாட்டி" என்றாள். "மறந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்டி" என்றேன்.

தவக்காலத்துக்கு முந்தின வாரம் இவளுக்கும் சோளம் அரைக்கிற மாவாலைக்கார காஸ்பரோவுக்கும் கல்யாணம். நிச்சயத்துக்கு நீயே வந்து நின்றாய். இந்தச் சம்பந்தம் எனக்கு எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் என் மகளை, உன் அத்தை மரீனாவை, காஸ்பரோவின் அம்மா இதே கத்தீனாவின் தம்பிக்குக் கேட்டுப் போனேன். கோயில் வாசலில், ஊர் முழுக்கக் கேட்க, "வண்ணம் பூசுற வீட்டுப் பொண்ணா? விரல் நீலம் களியிலே ஒட்டும்" என்றாள் கத்தீனா. அப்போது அவள் போட்டிருந்தது பழுப்புப் பாவாடை, இடது காலணியில் கயிறு அறுந்திருந்தது. மரீனா வேலைக்காரியாகப் போய் அந்நிய ஊரில் காய்ச்சலில் செத்தாள். இந்த வருஷம் அதே கத்தீனா தன் மகனுக்குப் பெண் கேட்டு என் வீட்டு வாசலை மிதித்தாள். மறுநாள் ஊற்றடியில் அத்தனை பெண்கள் முன்னால் கேட்டேன்: "என் பேத்தி மாதிரி ஒரு முகம் உன் ஏழு தலைமுறையிலே உண்டாடி?" அவள் குடத்தை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் இத்தனை காலம் சாகாமல் இருந்தேன். அதில் நீ மண்ணை அள்ளிப் போடாதே.

வந்த கட்டு அத்தனைக்கும் கழுத்திலிருந்து பாதம்வரை கெட்டி நீலத்தில் அங்கி பூசிவிட்டேன். சங்கிலியும் அதற்குள் போய்விட்டது. முகத்துக்கு ரோஜா நிறம் வைப்பது பாஸ்குவாவின் பங்கு. அவள் வைக்கவில்லை. வெள்ளையாகவே விட்டுவிட்டாள்.

உன் எஜமானரிடம் எந்தப் பொய்யாவது சொல். அந்த முகத்தை அழித்து வேறு முகம் போடு. ஊரில் யாரும் பார்க்குமுன் செய். பார்த்துப் பிழைத்துக்கொள். குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்.

உன்மேல் கோபமாக இருந்தாலும் உனக்காக ஜெபமாலை சொல்லும் பாட்டி,
மெனேகா

*

சேசு மரி சூசை துணை

புனித லூசியா திருநாள் மறுநாள்

பேரன் தித்தாவுக்கு ஆண்டவரின் சமாதானம். உன் கடிதம் வந்தது. எஜமானர் முதலில் கத்தினார், பிறகு சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். ஸ்பெயின் பக்கம் படம் சுமந்து விற்கப் போகிறவர்கள் அங்கி போட்ட படத்தைத்தான் விரும்பிக் கேட்கிறார்களாமே. சிரிக்கட்டும். நீலம் என்ன சும்மாவா வருகிறது?

அந்த முகம் ஓவியரின் சித்திரத்தில் தெளிவாக இல்லை, தகட்டில் பூசிய மெழுகின்மேல் ஊசி தானாகப் போயிற்று, திராவகத்தில் போட்டு எடுத்த பிறகுதான் யார் என்று எனக்கே தெரிந்தது என்கிறாய். சரி, நம்புகிறேன். சுரண்டித் தேய்த்து, பின்னாலிருந்து சுத்தியால் தட்டிச் செம்பை மேலே கொண்டுவந்து வேறு முகம் கீறலாம், எஜமானர் விட்டால் செய்கிறேன் என்கிறாய். அதுவும் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த முகத்தை நான் எங்கே பார்த்தேன் என்று யோசித்துப் பாருங்கள் பாட்டி" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாயே, எனக்கா நினைவுப் பரீட்சை வைக்கிறாய்?

கேட்டுக்கொள். நிச்சயத்தன்று கத்தீனா அடுப்புக்கு இடப்புறம் உட்கார்ந்தாள், நல்ல நாற்காலியில். நான் கொடுத்த வாதுமைப் பலகாரத்தைப் பாதி தின்று பாதியைத் தட்டில் வைத்தாள். காஸ்பரோ உட்காரவில்லை. சாராயத்தை ஒரே வாயில் குடித்துவிட்டு, "கையை மேஜைமேலே வைக்கச் சொல்லு கிழவி, மோதிரம் போடணும்" என்றான். பாஸ்குவா கையை மடியிலேயே வைத்திருந்தாள். நான்தான் மணிக்கட்டைப் பிடித்து மேஜைமேல் வைத்தேன். நீ கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். அவள் உன்னைப் பார்த்தாள். அது வெட்கம். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் வரக் கூடாதா? இதற்குமேல் அதைப் பற்றி எழுதாதே.

இங்கே வேறொரு கூத்து நடந்துவிட்டது. கத்தீனாவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாளல்லவா? வலி எடுத்து ஒரு பகல் முழுக்கக் கத்தினாள், பிள்ளை வெளியே வருகிற வழியாக இல்லை. மருத்துவச்சி என் வீட்டுக்கு ஓடிவந்து, "மார்கரீத்தா படம் குடு மெனேகா, வயித்துமேலே வைக்கணும்" என்றாள். விழுங்கின பறவைநாகப் பூதத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்த அந்த அர்ச்சிஷ்டவளைத் தவிர இந்த வேளைக்கு வேறு யார் உண்டு? என்னிடம் ஒரு மார்கரீத்தாவும் மிச்சமில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் காய வைத்திருந்த உன் படத்தில் ஒன்றை அவள் உருவிவிட்டாள். "இதோ இருக்காளே! அங்கி இருக்கு, பூதம் இருக்கு, மேலே இறக்கையோட சம்மனசு வேற இருக்கு. இல்லேன்னு ஏன் பொய் சொல்றே?" என்று திட்டிக்கொண்டே போனாள். செத்துக்கொண்டிருக்கிற பெண் விஷயத்தில் நின்று நியாயம் பேச முடியுமா? விட்டுவிட்டேன். விளக்கு வைப்பதற்குள் ஆண் பிள்ளை பிறந்துவிட்டது.

அதிலிருந்து வாசலில் பெண்கள் கூட்டம். நிறைமாசக்காரி, பிள்ளை வரம் கேட்கிறவள், எல்லோருக்கும் அந்த மார்கரீத்தா வேண்டுமாம். சினையாட்டுக்குக்கூட ஒருத்தி கேட்டாள். தையல்காரன் பெண்டாட்டிதான் உற்றுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். "இது உன் பேத்தி ஜாடையாவே இல்லே இருக்கு?"

"என் பேத்திக்கு மச்சம் எந்தப் பக்கம்? இவளுக்கு எந்தப் பக்கம்? கண்ணு பொட்டையாடி உனக்கு?" என்றேன்.

உள்ளே இருந்த பாஸ்குவாவை வெளியே இழுத்து வந்து மச்சம் பார்த்தார்கள். "ஆமாண்டி, இவளுக்கு இடது பக்கம். அப்போ இவ இல்லே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். முட்டாள்கள் இருக்கிற ஊரில் வாழ்வதில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது.

கத்தீனா மட்டும் மச்சத்தில் ஏமாறவில்லை. பேரன் பிழைத்த சந்தோஷத்தில் படத்தை வெண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துவந்து, "என் மருமக முகத்திலே அர்ச்சிஷ்டவளே எறங்கியிருக்கா சம்பந்தி" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ உடம்பெல்லாம் அலுப்பாகத்தான் இருந்தது.

பாஸ்குவா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. வண்ணம் நன்றாகப் போடுகிறாள், என் கையைவிடச் சுத்தம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள். குளிர்காலத்துக்குச் சிலருக்கு அப்படி வரும்.

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு ஒரு சிறு பாலாடைக்கட்டி பியாசியோவிடம் அனுப்பியிருக்கிறேன். எஜமானருக்குப் பாதி கொடு. பாதி என்றால் பாதிதான்.

பாட்டி மெனேகா

*

சேசு மரி சூசை துணை

மெழுகுவர்த்தித் திருநாளுக்கு முந்தின நாள்

என் பேரன் தித்தாவுக்கு ஆசீர்வாதம். இதை உன் கையில் கொடுக்கிறவள் பாஸ்குவா. அவளுக்கு எழுத்துத் தெரியாது, நீயும் படித்துக் காட்ட வேண்டாம். முதலில் அவள் காலுக்கு வெந்நீர் வை. சாப்பாடு போடு. பிறகு தனியாக உட்கார்ந்து படி.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து நம் கோயில் பாதிரியார் சாமி வீடுகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வந்தார். கத்தீனா வீட்டுத் தொட்டிலுக்குமேல் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். நேராக அவளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். படத்துக்கு அடியில் இருந்த லத்தீனைப் படித்துவிட்டு, "இது மார்கரீத்தாவும் இல்லே, மாதாவும் இல்லே. அந்திரோமெதான்னு, பொய்த் தேவர்களைக் கும்பிட்ட ஒரு அஞ்ஞானிப் பொண்ணு. இதையா வயித்துமேலே வச்சீங்க?" என்றார்.

"பிள்ளை பொழைச்சுதே சாமி" என்றாள் கத்தீனா.

"பொழைச்சது தேவ கிருபை."

நான்தான் கேட்டேன், இந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள் என்று கட்டி வைத்திருக்கிறார்கள் என்று. "அவ ஒண்ணும் செய்யலே. அவ அம்மாக்காரி வாய் சும்மா இருக்கலே. கடல் கன்னிகளைவிட எம்பொண்ணு அழகுன்னு தம்பட்டம் அடிச்சா. அதுக்காகக் கடல் பொங்கிச்சு, பூதம் வந்துச்சு, பொண்ணைக் காவு கேட்டுச்சு" என்றார்.

"கட்டினது யாரு சாமி?"

"வேற யாரு, பெத்தவங்கதான். இதோ கரையிலே நிக்கிறாங்களே கிரீடத்தோட" என்று விரல் வைத்துக் காட்டினார்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சாமி என்னென்னவோ சொன்னார், காதில் விழவில்லை. அபராதமாகப் பத்து ஜெபமாலை சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

கத்தீனா சம்பந்தத்தை முறித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். முறிக்கவில்லை. மூன்றாம் நாள் காஸ்பரோவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "நடந்தது நடந்துபோச்சு சம்பந்தி. எம்பேரன் உசிரோட இருக்கான், அது போதும். ஆனா கல்யாணத்துக்கப்புறம் இவ தூரிகையைத் தொடக் கூடாது. அந்த அண்ணங்காரனும் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றாள். நியாயமாகத்தான் பேசினாள். நானே அவள் இடத்தில் இருந்தால் இவ்வளவு விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

காஸ்பரோ மேஜைமேல் கிடந்த படத்தை எடுத்துப் பார்த்தான். நகத்தால் நீலத்தைச் சுரண்டினான். பிறகு பாஸ்குவாவின் மணிக்கட்டைப் பிடித்தான். "படத்திலே சங்கிலியைக் காணோமே கிழவி. பரவாயில்லே, எங்கிட்டே இருக்கு" என்று சிரித்தான். கத்தீனாவும் சிரித்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் பிடியை விடவில்லை. அவள் விரல் நுனிகள் வெளுத்துப்போகிறவரை பிடித்திருந்தான். அவள் கத்தவில்லை, கையை இழுக்கவும் இல்லை. என்னைப் பார்த்தாள்.

தாள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நான் இரண்டையும் பார்த்தேன்.

தித்தா, வெட்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் கல்யாணப் பெண்ணாக இருந்தவள்தான்.

காஸ்பரோவின் முதல் பெண்டாட்டி லேனாவை ஊர் மறந்துவிட்டது. எனக்கு எதுவும் மறப்பதில்லை, அது ஒரு வியாதி. புல் அறுக்கிற கோடை வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி கட்டிக்கொண்டு ஊற்றுக்கு வந்தாள். "குளிருதாடி லேனா?" என்று கேட்டுப் பெண்கள் சிரித்தார்கள். "தொண்டை வலி" என்றாள். மறுவாரம் மாவாலை வாய்க்காலில் வழுக்கி விழுந்து செத்தாள் என்றார்கள். அந்த வாய்க்காலைக் கோழி கடந்தாலும் இறக்கை நனையாது. இதெல்லாம் நிச்சயத்தன்றும் எனக்குத் தெரியும், அதற்கு முன்பும் தெரியும். நான் தப்புச் செய்துவிட்டேன் என்று இதில் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. எழுத மாட்டேன். கத்தீனா மரீனாவைச் சொன்ன வார்த்தை சொன்னதுதான், அதை நான் மன்னிக்கவும் இல்லை.

அவர்களுக்குப் பலகாரம் கொடுத்தேன், வாசல்வரை போய் வழியனுப்பினேன். "கல்யாணத் துணி வெனிஸிலேதான் எடுக்கணும், பாஸ்குவாவை பியாசியோவோட அனுப்பி அண்ணன்கிட்டே எடுத்துக்கச் சொல்றேன்" என்றேன். கத்தீனாவுக்கு வாயெல்லாம் பல். "பட்டா எடுக்கச் சொல்லு சம்பந்தி, ஊர் பார்க்கட்டும்" என்றாள்.

பாஸ்குவாவிடமும் துணி எடுக்க என்றுதான் சொல்லியிருக்கிறேன். மூட்டை கட்டும்போது அவளுடைய கோடைப் பாவாடையையும், அவள் அம்மாவின் ஜெபமாலையையும், நல்ல தூரிகைகள் எல்லாவற்றையும் உள்ளே வைத்தேன். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மூட்டை முடிச்சை அவளே இறுக்கினாள். பாதி வழியில் அழுதாளா என்று பியாசியோவிடம் கேட்டுப் பார். பியாசியோ எனக்குக் கடமைப்பட்டவன், வாயைத் திறக்க மாட்டான்.

அவளுக்கு உன் எஜமானர் வீட்டில் வண்ணம் தீட்டும் வேலை வாங்கிக் கொடு. இவளைப்போல முகத்துக்கு நிறம் வைக்கிறவள் அந்தப் பட்டணத்தில் கிடையாது, இதை நான் தம்பட்டமாகச் சொல்லவில்லை, பார்த்தால் தெரியும். தகட்டில் இருக்கிற முகத்தை அழிப்பதும் விடுவதும் உன் இஷ்டம், இனி எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஈரமான அறையில் படுக்க விடாதே, நெஞ்சுச் சளி அவளுக்கு அம்மா வழி. திருவிழா என்று முகமூடி போட்டுக்கொண்டு திரிகிற கூட்டத்தில் தனியாக விடாதே. யாராவது நல்லவன் வந்து கேட்டால், அவளைக் கேள். என்னைக் கேட்காதே.

இங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாவாலை எங்கள் சோளத்தை இனி அரைக்காது. அடுத்த பள்ளத்தாக்குக்குச் சுமந்து போக வேண்டும், போவேன். ஊற்றடியில் கத்தீனா பேசுவாள், கேட்டுக்கொள்வேன். கோடையில் உன் அப்பன் வந்து குதிப்பான், அவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். தாள் கட்டை மட்டும் நிறுத்தாமல் அனுப்பச் சொல். முகங்களுக்கும் இனி நானே நிறம் வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் தடித்துத்தான் போகும்.

இன்னும் ஒன்றே ஒன்று. இதை மட்டும் எனக்காகச் செய். பனி உருகுவதற்குள் எனக்குக் கை ஓய்ந்துபோகும். வீட்டில் பேச ஆளிருக்காது. கத்தீனா நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டு வருவாள், சாமியும் வருவார். என்னை உனக்குத் தெரியும், எனக்கும் என்னைத் தெரியும். அவளைத் திருப்பி அனுப்பு என்று நான் எழுதினாலும் எழுதுவேன். சாகக் கிடக்கிறேன் என்றுகூட எழுதுவேன். என் கையெழுத்தில்தான் இருக்கும், இதே கோணல்தான். அதைப் படித்துவிட்டு அடுப்பில் போடு. அவளிடம் சொல்லாதே. அனுப்பாதே.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டும். ஆண்டவர் உங்கள் கூரையைக் காப்பாராக.

உங்கள் பாட்டி
மெனேகா